கோப்பில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு ரயில் நிலையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்துபோனான். கூட இருந்த அவன் மனைவி உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, இரவில் தூங்குவதும் இல்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். இந்தச் சதியைத் திட்டமிட்டதாகச் சொல்லப்படும் ஆள் மூன்றாவது ஒரு நாட்டில் பிடிபட்டிருக்கிறான். அதைக்கூட நாங்கள் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பயங்கரவாதத்துக்கு எதிராக எல்லா நாடுகளும் ஒத்துழைக்கின்றன என்கிறார்களே, அதில் எங்களுக்கு என்ன பங்கு? எங்கள் பகுதியில் ஒருவர், ஐ.நா. நிதியிலிருந்து இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? வழக்கு நடந்தால் நேரில் போய்ப் பேச வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அது முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நபரிடம் சல்லிக்காசு கொடுக்காதீர்கள். பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஐ.நா. நிதி எதுவும் கிடையாது. இல்லாத நிதியிலிருந்து ஒருவர் உங்களுக்கு வாங்கித் தர முடியாது. உங்கள் தம்பியின் பாஸ்போர்ட் நகல், இறப்புச் சான்றிதழ் எதையாவது ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு நிதி வேண்டும் என்ற பேச்சு எழாமல் இல்லை. 2004 செப்டம்பரில் ரஷ்யாவின் பெஸ்லான் நகரில் ஒரு பள்ளியைப் பயங்கரவாதிகள் கைப்பற்றினார்கள். 330க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். அடுத்த மாதமே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1566 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சர்வதேச இழப்பீட்டு நிதி அமைக்க முடியுமா, பயங்கரவாதிகளிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளில் ஒரு பகுதியை அதற்கு எடுக்க முடியுமா என்று ஆராயச் சொல்லி அதில் ஒரு பத்தி இருக்கிறது. ஆராயச் சொன்னதோடு சரி. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த நிதி வரவில்லை. யார் பாதிக்கப்பட்டவர், எது பயங்கரவாதம், யார் எவ்வளவு போடுவது என்று மூன்று கேள்விகள் குறுக்கே நின்றன. முதல் இரண்டுக்கும் உலக நாடுகள் இன்றுவரை ஒரே பதில் சொன்னதில்லை.

இங்கேதான் உங்கள் முக்கியமான கேள்வி வருகிறது. ஒத்துழைப்பு என்று செய்தியில் சொல்கிறார்களே, அது அரசுக்கும் அரசுக்கும் இடையே நடப்பது. இந்த நாட்டு வழக்குத் தொடர்வோர் அந்த நாட்டு அமைச்சகத்துக்கு எழுதுவார்கள், அவர்கள் பதில் எழுதுவார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்தக் கடிதப் போக்குவரத்தில் தானாக ஓர் இடம் ஒதுக்கப்படுவதில்லை. கைது நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லாததற்குக் கெட்ட எண்ணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாமல் இருந்திருக்கலாம். நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது எல்லாமே, அந்தப் பட்டியலில் ஏறுவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

சட்டப் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பது புரியும். 1963இல் விமானங்களில் நடக்கும் குற்றங்கள் பற்றிய டோக்கியோ உடன்படிக்கையில் தொடங்கி, பயங்கரவாதத்தின் வெவ்வேறு வடிவங்களுக்கு எதிராக 19 உலகளாவிய சட்ட ஆவணங்கள் உருவாகியிருக்கின்றன. விமானக் கடத்தலுக்கு ஒன்று, பிணைக்கைதிகளுக்கு ஒன்று, குண்டுவெடிப்புக்கு ஒன்று, நிதி திரட்டுவதற்கு ஒன்று என்று துண்டு துண்டாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே உடன்படிக்கையில் கொண்டுவர 1996இல் இந்தியா ஒரு வரைவு கொடுத்தது. விடுதலைப் போராட்டங்களையும் அரசுப் படைகளின் செயல்களையும் எப்படிக் கையாள்வது என்ற சண்டையில் அது இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதே மாதம் 28ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வந்த 1373ஆம் தீர்மானம்தான் எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. பயங்கரவாதிகளுக்குப் பணமும் புகலிடமும் கொடுக்கக் கூடாது, அவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும், புலனாய்வில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதன் கட்டளைகள் எல்லாம் அரசுகளை நோக்கியவை. அதைக் காட்டி நீங்கள் நேரடியாக நீதிமன்றத்தில் எதையும் கோர முடியாது.

உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது 1997இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பயங்கரவாதக் குண்டுவெடிப்புகள் பற்றிய உடன்படிக்கை. ஒரு நாட்டுக்குள்ளேயே நடந்து முடிந்த சம்பவங்கள் பொதுவாக அதில் வராது. இறந்தவர் ஒரு நாட்டுக்காரர், குண்டு வெடித்தது இன்னொரு நாட்டில், சந்தேக நபர் இருப்பது மூன்றாவது நாட்டில் என்னும்போதுதான் அதற்கு வேலை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். சந்தேக நபர் இருக்கும் நாடு அவரை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் தானே வழக்கு நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. 'இது அரசியல் குற்றம், அதனால் ஒப்படைக்க மாட்டோம்' என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. இன்னொரு விஷயம் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தன் குடிமகன் கொல்லப்பட்டிருந்தால், குண்டு எங்கே வெடித்திருந்தாலும் அந்த நாடும் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே உடன்படிக்கை அனுமதிக்கிறது. பிரான்சும் அமெரிக்காவும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. இந்தியாவில் தேசியப் புலனாய்வு முகமைக்கு வெளிநாட்டில் நடந்த குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் 2019 சட்டத் திருத்தத்தில் கிடைத்தது. ஆகவே உங்கள் சொந்த நாட்டு அரசிடம், 'இந்தச் சம்பவம் பற்றி இங்கே வழக்குப் பதிவாகியிருக்கிறதா, இல்லையென்றால் பதிவு செய்வீர்களா?' என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. சொந்த நாட்டில் ஒரு வழக்கு இருந்தால், உங்களுக்கு ஒரு வழக்கு எண்ணும் உங்கள் மொழியில் பேசும் ஓர் அதிகாரியும் கிடைப்பார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

பிடிபட்டான் என்ற செய்தியைப் பார்த்ததும், அடுத்த மாதமே விசாரணை என்று நினைத்துவிட வேண்டாம். இன்டர்போலின் ரெட் நோட்டீஸ் என்பது சர்வதேசக் கைது வாரண்ட் என்று டிவியில் சொல்வார்கள். அப்படி இல்லை. தேடப்படும் ஆளைக் கண்டுபிடித்துத் தற்காலிகமாகக் காவலில் வையுங்கள் என்று உறுப்பு நாடுகளுக்குப் போகும் வேண்டுகோள் அது. அதன் பிறகு ஒப்படைப்பு வழக்கு என்று தனியாக ஒன்று நடக்கும். மரண தண்டனை இருக்கும் நாட்டுக்கு அனுப்புவதென்றால், தூக்கிலிட மாட்டோம் என்ற உறுதிமொழியைப் பல நாடுகள் கேட்கும். சித்திரவதை நடக்குமா என்று நீதிமன்றம் பார்க்கும். மேல்முறையீடு, அதன் மேல் இன்னொரு மேல்முறையீடு என்று போகும்.

2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்ட தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உளவு பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லி அமெரிக்காவில் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைப்பதற்குப் பதிலாக, மரண தண்டனை இல்லை, இந்தியாவுக்கு ஒப்படைப்பும் இல்லை என்று அங்கே ஒப்பந்தம் ஆனது. 2013இல் அவருக்கு 35 ஆண்டுச் சிறை. மும்பை நீதிமன்றம் 2016இல் அவரிடம் வீடியோ வழியாகத்தான் சாட்சியம் வாங்க முடிந்தது. அவருடைய கூட்டாளி என்று குற்றம்சாட்டப்பட்ட தஹாவூர் ராணா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 2025 ஏப்ரலில். பதினாறு ஆண்டுகளுக்கு மேல். இத்தனைக்கும் இரு நாடுகளும் நட்பு நாடுகள், 1997இலேயே ஒப்படைப்பு ஒப்பந்தம் போட்டவை. நாடுகள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 'முதலில் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருந்து காலவரம்பைத் தவறவிட்ட குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அந்தக் காத்திருப்புக்குச் சட்டத்தில் தேவையே இல்லை. குற்றவாளி யார் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவர்தான் என்பதை ஐ.நா. பொதுச்சபை 1985இலேயே ஒரு பிரகடனத்தில் சொல்லிவிட்டது. பல நாட்டு இழப்பீட்டுச் சட்டங்களும் அதே வழியில்தான் இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வரலாம்? முதலில் பார்க்க வேண்டியது குண்டு வெடித்த நாட்டை. பிரான்சில் 1986 முதல் இதற்கென்றே ஓர் உத்தரவாத நிதி இருக்கிறது. சொத்துக் காப்பீடு எடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தொகை பிடித்து அதை நடத்துகிறார்கள். பிரான்ஸ் மண்ணில் தாக்குதல் நடந்தால், பாதிக்கப்பட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. சுற்றுலா வந்தவரும் வேலைக்கு வந்தவரும் கேட்கலாம். வெளிநாட்டில் நடந்திருந்தால் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு மட்டும். நான் பார்த்தவற்றில் இது நல்ல முறை என்பேன். அரசியல்வாதிகளின் மனநிலைக்குத் தகுந்தபடி கூடிக் குறையும் நிவாரணமாக இல்லாமல், நிலையான வருமானம் உள்ள ஒரு நிதியாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமாக 2017இல் வந்த பயங்கரவாத எதிர்ப்பு நெறிமுறை, தாக்குதல் நடந்த உடனேயும் அதற்குப் பிறகு தேவைப்படும் காலம்வரையும் மருத்துவ, உளவியல், சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்கிறது.

எல்லா நாடும் இப்படி இல்லை. சில இடங்களில் சம்பவம் நடந்த வாரத்தில் அமைச்சர் ஒருவர் ஒரு தொகையை அறிவிப்பார், அதோடு முடிந்தது. அந்தத் தொகை சொந்தக் குடிமக்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்பதுகூட அரசாணையைப் பார்த்தால்தான் தெரியும். அந்த அரசாணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள் துண்டை நம்ப வேண்டாம்.

அடுத்தது உங்கள் தம்பி எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாடு. தன் மக்கள் வெளிநாட்டில் பயங்கரவாதத்துக்குப் பலியானால் பணம் தரும் திட்டங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. பிரிட்டன் 2012இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 75,000 ஆஸ்திரேலிய டாலர் வரை தருகிறது. இவற்றில் எல்லாம் குடியுரிமை, வசிப்பிடம், எந்தச் சம்பவத்தைப் பயங்கரவாதம் என்று அரசு அறிவித்திருக்கிறது என்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பும் பல இடங்களில் உண்டு. நீங்கள் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். எல்லா ஆவணமும் கைக்கு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், இருப்பதை வைத்து இந்த வாரமே விண்ணப்பத்தைப் போடுங்கள். மீதியைப் பிறகு அனுப்புவதாக அதிலேயே எழுதலாம். வரம்பு தாண்டியிருந்தாலும் போடுங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் பொதுவாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து சான்றிதழ் வரத் தாமதமானது, உங்கள் தம்பி மனைவியின் உடல்நிலை, யாரும் தகவல் சொல்லாதது எல்லாம் தக்க காரணங்கள்தான்.

குற்றம் செய்தவர்களிடமிருந்தோ அவர்களுக்குப் பின்னால் இருந்த அரசிடமிருந்தோ வாங்குவது என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் நீளமான வழி அது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். 1991இல் லிபியர்கள் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 'எங்கள் ஆட்களை நாங்களே விசாரித்துக்கொள்கிறோம், விமானங்களைத் தாக்குவதற்கு எதிரான உடன்படிக்கை அதற்கு இடம் கொடுக்கிறது' என்றது லிபியா. ஒப்படை அல்லது விசாரி என்ற விதியில் இருக்கும் ஓட்டை இதுதான். பொருளாதாரத் தடை போட்டு, பேரம் பேசி, 1999இல்தான் இருவரும் ஒப்படைக்கப்பட்டார்கள். நெதர்லாந்தில் ஒரு பழைய ராணுவத் தளத்தில் ஸ்காட்லாந்துச் சட்டப்படி நீதிமன்றம் கூடி, 2001 ஜனவரியில் ஒருவருக்குத் தண்டனை கொடுத்தது. மற்றவர் விடுவிக்கப்பட்டார். 2003இல் லிபியா பொறுப்பேற்று, குடும்பத்துக்கு 1 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் பணம் தவணை தவணையாக வந்தது. ஐ.நா. தடை நீங்கினால் ஒரு தவணை, அமெரிக்கத் தடை நீங்கினால் ஒரு தவணை, பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டால் ஒரு தவணை என்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், இரண்டு அரசுகள் எப்போது கைகுலுக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை. எனக்கு அந்த ஏற்பாடு இன்றும் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பணம் வந்தது என்பதையும் மறுக்க முடியாது.

பறிமுதல் செய்யும் பயங்கரவாதப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்று 1999இன் நிதியளிப்புத் தடுப்பு உடன்படிக்கை சொல்லவில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. சொல்கிறது. ஆனால் அப்படி ஒரு ஏற்பாட்டை நாடுகள் 'பரிசீலிக்க வேண்டும்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. பரிசீலித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த நாட்டைக் கேள்வி கேட்க முடியாது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தாக்குதலுக்கு முன்பே எச்சரிக்கை வந்ததா என்று பாருங்கள். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டு உளவுத் துறை ஒன்று ஏப்ரல் 4ஆம் தேதியே தகவல் கொடுத்திருந்தது. நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பு அங்கே ஒழுங்காக நடந்திருக்கிறது. தகவல் வந்து சேர்ந்த நாட்டுக்குள்தான் அது மேசைக்கு மேசை தேங்கியது. பாதிக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் போட்ட அடிப்படை உரிமை மனுக்களில், 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் கட்ட வேண்டும் என்றும், முன்னாள் பொலிஸ் மா அதிபர், உளவுத் துறைத் தலைவர் உள்ளிட்டோரும் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. மொத்தம் 31 கோடி. பெஸ்லான் குடும்பங்களும் இதே வழியில்தான் போனார்கள். 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் இருந்தும் ரஷ்ய அதிகாரிகள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லி, 409 பேருக்குச் சேர்த்துச் சுமார் 30 லட்சம் யூரோ வழங்கத் தீர்ப்பளித்தது. உங்கள் சம்பவத்தில் அந்த நாட்டு நாடாளுமன்றமோ விசாரணைக் குழுவோ அறிக்கை வெளியிட்டிருந்தால், அதைத் தேடி எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குண்டு வைத்தவன் சிக்காமல் போனாலும் இந்த வழி திறந்திருக்கலாம்.

உங்கள் வீட்டு மருமகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் தம்பியின் மனைவி என்ற முறையில் மட்டுமே அவர் வருகிறார். சட்டத்தின் கண்ணில் அவருக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. கணவனை இழந்தவர் என்பது ஒன்று. அவரே காயமடைந்தவர் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள், இரண்டாவது காணாமல் போய்விடுகிறது. குண்டு வெடிக்கும்போது எழும் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்கும், உள்காதையும் பாதிக்கும். வெளியே ரத்தக் காயம் எதுவும் இல்லாததால், அன்றைய மருத்துவமனைக் குறிப்பில் 'லேசான காயம்' என்று ஒரு வரி மட்டும் இருக்கக்கூடும். உடனே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுத்து, குண்டுவெடிப்போடு இந்தப் பாதிப்புக்குத் தொடர்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். தூக்கமின்மைக்கும் அப்படியே ஒரு மனநல மருத்துவரின் அறிக்கை. சிகிச்சை அவருக்குத் தேவை என்பதற்காகத்தான் முதலில் போக வேண்டும். அறிக்கை அதோடு சேர்ந்து கிடைக்கும். 'அவனே போய்விட்டான், என் காது ஒரு விஷயமா?' என்று அவர் மறுக்கலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அவசரப்படுத்தாமல், ஆனால் விடாமல் கூட்டிப்போங்கள்.

சரி, பட்டியலில் ஏறுவது எப்படி? உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகப் பிரிவுக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களின் நலன்களைக் கவனிப்பது தூதரகத்தின் வேலை என்பது 1963இன் வியன்னா உடன்படிக்கையிலேயே இருக்கிறது. சம்பவம் நடந்த நாட்டில் வழக்கு எண் என்ன, எந்த வழக்குத் தொடர்வோர் அலுவலகம் பார்க்கிறது, பாதிக்கப்பட்டோருக்கான தொடர்பு அதிகாரி யார் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வந்ததும் அந்த அலுவலகத்துக்கே நேரடியாக எழுதி, இறந்தவரின் குடும்பமாக உங்களையும், காயமடைந்தவராக மருமகளையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். கைது, குற்றப்பத்திரிகை, ஒப்படைப்பு விசாரணை, ஜாமீன், தண்டனைக் குறைப்பு எது நடந்தாலும் தகவல் தர வேண்டும் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். மூன்றாவது நாட்டில் நடக்கும் ஒப்படைப்பு வழக்கில் உங்களுக்குப் பேச உரிமை இருக்காது. ஆனால் தேதிகளைத் தெரிந்துகொள்ளலாம்.

வழக்குகளில் நாடுகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் பரஸ்பர சட்ட உதவிக்கென்று உங்கள் நாட்டில் ஒரு மைய அதிகார அமைப்பு இருக்கும். பெரும்பாலும் உள்துறை அல்லது நீதி அமைச்சகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஒரு நகல் போகட்டும். கடிதம் எல்லாம் பதிவுத் தபாலில் அல்லது மின்னஞ்சலில்தான். போனில் பேசினால், பேசி முடித்ததும் 'இன்று நாம் பேசியது இது' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதிகாரிகள் மாறுவார்கள். உங்கள் வழக்கு ஓடும் காலத்துக்குள் இரண்டு மூன்று பேராவது மாறிவிடுவார்கள், புதிதாக வருபவருக்கு அந்த மின்னஞ்சல்தான் சாட்சி.

இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் சான்றளித்த நகல்கள் வாங்கிவையுங்கள். வேறு நாட்டில் கொடுப்பதென்றால் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும். ஆவணம் உண்மையானது என்று ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின்படி அரசு போட்டுக் கொடுக்கும் சான்று அது. அந்த ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் தூதரகச் சான்று. தம்பியின் போனும் பையும் தடயமாகக் காவலில் இருக்கக்கூடும். வழக்கு முடிந்ததும் குடும்பத்திடம் திருப்பித் தர வேண்டும் என்று இப்போதே எழுதிவைக்காவிட்டால் அழித்துவிடக்கூடும். அந்த போனில் இருக்கும் படங்களுக்காகவாவது இதைச் செய்யுங்கள்.

அதே சம்பவத்தில் பாதிக்கப்பட்ட மற்ற குடும்பங்களைத் தேடிப் பிடியுங்கள். ஸ்பெயினில் பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்டவர்களின் சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது. அங்கே சட்டங்கள் மாறியதற்கு அப்படிப்பட்ட சங்கங்களின் அழுத்தம் முக்கியமான காரணம். சேர்ந்து ஒரு வழக்கறிஞரை வைத்தால் செலவும் குறையும், தகவலும் ஒரே இடத்துக்கு வரும். ஆகஸ்ட் 21ஐப் பயங்கரவாதத்தில் பாதிக்கப்பட்டோர் நினைவு நாளாக ஐ.நா. 2017இல் அறிவித்தது. பாதிக்கப்பட்டோருக்காகத் தனி ஆதரவுத் திட்டம், தகவல் தளம், மாநாடு என்று சில வேலைகளும் நடக்கின்றன. பணம் வராது. ஆனால் எந்த நாட்டில் என்ன உதவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், மற்ற சங்கங்களோடு தொடர்புகொள்ளவும் பயன்படும்.

கடைசியாக அம்மா. நேரில் பேச முடியுமா என்பது, வழக்கு எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அது தி ஹேக்கில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1998இல் அதன் சட்டத்தை எழுதியபோது பயங்கரவாதத்தைத் தனிக் குற்றமாகச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஏதாவது ஒரு நாட்டின் சாதாரண நீதிமன்றத்தில்தான் நடக்கும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் பாதிக்கப்பட்டவர்கள் வழக்கில் ஒரு தரப்பாகவே சேரலாம், வழக்கறிஞர் வைத்துக் கேள்வி கேட்கலாம். 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதல் வழக்கு 2021 செப்டம்பரிலிருந்து 2022 ஜூன்வரை நடந்தபோது சுமார் 2,500 பேர் அப்படிச் சேர்ந்திருந்தார்கள். நேரில் வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்பதற்கு இணைய வானொலி ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் வழக்கை அரசுதான் நடத்தும். குடும்பத்துக்குப் பெரும்பாலும் தண்டனை முடிவாகும் கட்டத்தில்தான் பேச இடம் கிடைக்கும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனுக்கு 2020 ஆகஸ்டில் தண்டனை விதிக்கும் முன், பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நின்று பேசினார்கள். கண்ணீர் விட்டவர்களும் உண்டு, அவனைத் திட்டியவர்களும் உண்டு, மன்னித்தவர்களும் உண்டு. மூன்றையும் நீதிபதி கேட்டுக்கொண்டார்.

அம்மா விரும்பினால் அழைத்துப் போங்கள். அவர் அங்கே போய் உடைந்துவிடுவார் என்று நீங்களே முடிவெடுத்துத் தடுக்க வேண்டாம். பயணச் செலவை அந்த நாட்டு நீதிமன்றமோ உங்கள் அரசோ தருமா என்று, பெயரைப் பதிவு செய்யச் சொல்லி எழுதும் கடிதத்திலேயே கேளுங்கள், வீடியோ வழியாகப் பேச வசதி உண்டா என்றும் கேளுங்கள். எப்போது அழைப்பு வரும் என்று தெரியாததால், அவர் சொல்ல நினைப்பதை இப்போதே சொல்லவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நீதிமன்றம் என்பதற்காக ஆங்கிலத்தில் மாற்றி மெருகேற்ற வேண்டாம். அவர் பேசும் தமிழிலேயே இருக்கட்டும், கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு வையுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடலாம்.